லாம்

பிஸ்மார்க்கில் பிப்ரவரி. மைனஸ் இருபத்தெட்டு.
குழு அறையின் ரேடியேட்டர்
பேச வாய்ப்புக் கேட்பவரைப்போல்
அவ்வப்போது தொண்டையைச் செருமுகிறது.
நான் ஆர்லிஸ்.
மாநில மசோதாக்களுக்குக் காற்புள்ளி வைப்பவள்.
என்னிடம் கருத்துக் கேட்கும் வழக்கமில்லை.

இன்றைய மசோதா, நான்காம் பிரிவு:
ஓய்ந்த காற்றாலையின் இறக்கைகளை
நிறுவனம் ஓராண்டுக்குள் அகற்ற வேண்டும்.
ஐந்தாம் பிரிவு:
இனிவரும் இறக்கைகள்
கரையும் பிசினில் வார்க்கப்பட வேண்டும்.
பதினோரு பக்கங்கள்.
மற்றதெல்லாம் வரையறைகள்.

முதலில் கோர்டி ஹௌகன்.
தொப்பியை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.
மூன்று இறக்கைகள் என் கோதுமை நிலத்தில்
ஆறு வருடமாய்ப் படுத்திருக்கின்றன.
எங்கள் தேவாலயத்தைவிட நீளம் ஒவ்வொன்றும்.
சுற்றிப் போய்ச் சுற்றிப் போய்
டிராக்டருக்கே அந்த வளைவு பழகிவிட்டது.
பனி அவற்றின் கிழக்கே குவிகிறது,
மே வரைக்கும் சேறு.
நிறுவனம் இருமுறை பெயர் மாற்றிக்கொண்டது.
இறக்கைமேல் இருப்பது முதல் பெயர்,
அதையும் வெயில் பாதி தின்றுவிட்டது.
காற்றாலைமேல் எனக்குக் கோபமில்லை, ஐயா.
அந்தக் குத்தகைப் பணம்தான்
என் மகளின் பல்லுக்குக் கம்பி கட்டியது
என்று சொல்லும்போது மணி அடித்தது.
மூன்று நிமிடம் அவ்வளவுதான்.

அடுத்து ஃபார்கோவிலிருந்து ரெனே வெட்ஸ்டைன், வேதியியலாளர்.
ஓர் ஊறுகாய் ஜாடியை மேசைமேல் வைத்தார்.
உள்ளே, புளித்த நீரில்,
சோப்புக்கட்டி அளவில் இறக்கையின் துண்டு.
அறை முழுக்க வினிகர் வாசம்.
செனட்டர் க்வாம் மூக்கைத் துடைத்தார்.
நாளைக் காலைக்குள் பிசின் கரைந்துவிடும்,
கண்ணாடி இழை மட்டும் மிஞ்சும்,
அதை மறுபடி நெய்யலாம், என்றார் ரெனே.
பிறகு, யாரும் கேட்காமலே:
திரு. ஹௌகனின் இறக்கைகள் பழைய பிசின்.
அவை இதில் கரையா.
அவற்றுக்கு ரம்பமும் லாரியும்
யாராவது ஒருவருடைய கையெழுத்தும்தான் வேண்டும்.

கோர்டி தலையசைத்தார்,
வானிலை அறிக்கையைக் கேட்பவரைப்போல.

நான்காம் வரிசையில் நீலக் கழுத்துப்பட்டைக்காரர்
எதையும் எதிர்க்கவில்லை.
ஜாடியைப் பாராட்டினார். விவசாயியைப் பாராட்டினார்.
புதுமைக்குக் கட்டாயம் ஆகாது, என்றார்,
மிக மெதுவாக,
தூங்கும் குழந்தைக்குப் போர்வை இழுத்துவிடும் குரலில்.

மாலை ஐந்தே கால். திருத்தம் என் மேசைக்கு வந்தது.
பிரிவு நான்கு: அகற்றலாம்.
பிரிவு ஐந்து: வார்க்கப்படலாம்.
நான்கெழுத்துப் போய் இரண்டெழுத்து.
மசோதா இளைத்ததுகூடத் தெரியவில்லை,
அதே பதினோரு பக்கம்.
என் விரல்தான் அதைச் செய்தது.
அடித்த சொல்மேல் ஒரு கோடு,
புதிய சொல்லின் கீழே ஒரு கோடு.
இலக்கணப் பிழை இருக்கிறதா என்று
இருமுறை பார்த்தேன். இல்லை.

ஒருமனதாக நிறைவேறியது.
பசுமைத் தொழில்நுட்பத்தில் முன்னோடி மாநிலம்
என்றது செய்திக்குறிப்பு.
முன்னோடி என்ற சொல்லில்
ஓடுவது யார் என்று எனக்கு விளங்கவில்லை.

ரெனே ஜாடியை மறந்துபோயிருந்தார்.
காலையில் மூடியைத் திறந்தேன்.
சொன்னபடியே ஆகியிருந்தது:
தேநீர் நிறத்தில் நீர்,
அடியில் வெள்ளை இழைகள்,
ஈரமாய், ஒன்றோடொன்று ஒட்டாமல்.
வேதியியலுக்கு லாம் தெரியவில்லை.

பத்து மணிக்குத் தொலைபேசி.
கோர்டி. பின்னணியில் நாய் குரைக்கிறது.
சட்டம் பாஸாகிவிட்டதாமே, அம்மா.
ரேடியோவில் சொன்னார்கள்.
ஆமாம், என்றேன்.
அப்போது எப்போது வருவார்கள், எடுத்துப்போக?
வாசலைத் திறந்து வைக்கணும்,
விதைப்புக்கு முன்னால் என்றால் நல்லது.

அடுத்த கூட்டத்தொடர் இரண்டு வருடம் கழித்து.
ஜாடி என் கையருகே இருந்தது.
அரசாங்கத்தின் சார்பில்
எனக்குத் தெரிந்த ஒரே உண்மையான வாக்கியத்தை
அவரிடம் சொன்னேன்:

வரலாம்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.
அங்கே காற்று பலமாய் அடிக்கிறது என்று
தொலைபேசியிலேயே கேட்டது.